டிசிஎஸ்ஸா, இன்ஃபோசிஸா? ஐடி பங்குகளை ஒப்பிட்டுப் பார்க்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டீமேட் கணக்கு தொடங்கியதும் நம்மூரில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஐடி பங்குதான். சிறுசேரியிலோ சோழிங்கநல்லூரிலோ வேலை பார்க்கும் ஒருவராவது நம் சொந்தத்தில் இருப்பார். பெயர் பழகிய பெயர், பெரிய கடன் இல்லாத கம்பெனி, டிவிடெண்ட் (லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் பகுதி) ஒழுங்காக வரும். சரி, ஆனால் எதை வாங்குவது? டிசிஎஸ், இன்ஃபோசிஸ், எச்சிஎல் டெக், விப்ரோ நான்கும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் சில்லறை வணிக நிறுவனங்களுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுத்து, அதைப் பராமரித்து, பெரும்பாலும் டாலரில் கட்டணம் வாங்குகின்றன. பட்டதாரிகளைக்கூட ஒரே கல்லூரிகளில்தான் போட்டி போட்டு எடுக்கிறார்கள். இவற்றில் எதைப் பத்து ஆண்டுகள் நம்பி வைத்திருக்கலாம்?

எந்தக் கம்பெனியையும் தனியாகப் படிக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஆண்டறிக்கையை எழுதுவது கம்பெனிதானே, தனியாகப் படித்தால் எல்லாமே நல்ல கம்பெனியாகத்தான் தெரியும். அதே வரியில் போட்டியாளரின் எண்ணையும் எழுதிப் பார்க்கும்போதுதான் உண்மையான கேள்விகள் எழும்.

இதில் எந்தப் பங்கையும் நான் பரிந்துரைக்கவில்லை. கீழே உள்ள எண்கள் பெரும்பாலும் 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டு வரையிலானவை. முறையைப் பிடித்துக்கொண்டு புதிய எண்களை நீங்களே போட்டுப் பாருங்கள்.

முதல் படி: ஒரே இனத்தை ஒரே இனத்தோடு

மென்பொருள் கம்பெனி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு தொழில்கள் இருக்கின்றன. ஒன்று சேவை: ஆட்களின் நேரத்தையும் திறமையையும் விற்பது. மேலே சொன்ன நான்கும் இந்த வகை. மற்றொன்று தயாரிப்பு: ஒருமுறை எழுதிய மென்பொருளை ஆயிரம் பேருக்கு விற்பது. சென்னையில் ராம்கோ சிஸ்டம்ஸ், இன்டலெக்ட் டிசைன் அரீனா போன்றவை இந்த வகை. சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸும் இதில்தான் வரும், ஆனால் அது அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலாகியிருக்கிறது. ஜோஹோ பங்கு எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்கிறார்கள். அது பட்டியலிடப்படாத தனியார் நிறுவனம், சந்தையில் வாங்க முடியாது.

இன்ஃபோசிஸையும் இன்டலெக்டையும் பக்கத்தில் வைத்து எதன் லாப விகிதம் அதிகம் என்று பார்ப்பதில் அர்த்தமில்லை. சேவைக் கம்பெனிக்குச் சம்பளம்தான் செலவு, வருமானம் ஓரளவு சீராக வரும். தயாரிப்புக் கம்பெனியில் முதலில் ஆண்டுக்கணக்கில் செலவு, பிறகு விற்றால் லாபம். எச்சிஎல் டெக் இரண்டிலும் கால் வைத்திருக்கிறது. ஐபிஎம்மிடமிருந்து நோட்ஸ், டொமினோ, பிக்ஃபிக்ஸ் உள்ளிட்ட மென்பொருட்களை 180 கோடி டாலருக்குப் பேசி 2019-இல் வாங்கியது. அதனால் எச்சிஎல்லைப் பார்க்கும்போது மென்பொருள் பிரிவின் எண்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். கம்பெனியே பிரித்துத்தான் வெளியிடுகிறது.

இரண்டாம் படி: பத்து ஆண்டு வருமானம்

நான்கு கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளும் அவற்றின் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு எக்செல் தாளைத் திறந்து, பத்து ஆண்டுகளுக்கு முந்தைய வருமானத்தையும் இப்போதையதையும் எழுதுங்கள்.

இன்ஃபோசிஸ்: 2015 நிதியாண்டில் சுமார் 53,300 கோடி ரூபாய், 2025 நிதியாண்டில் சுமார் 1,63,000 கோடி.
டிசிஎஸ்: சுமார் 94,600 கோடியிலிருந்து 2,55,300 கோடி.
எச்சிஎல் டெக்: சுமார் 37,000 கோடியிலிருந்து 1,17,000 கோடி.
விப்ரோ: சுமார் 47,000 கோடியிலிருந்து 89,000 கோடி.

2015-இல் விப்ரோ இன்ஃபோசிஸுக்குச் சற்றுப் பின்னால்தான் இருந்தது, எச்சிஎல்லைவிடப் பெரியது. பத்து ஆண்டுகளில் இன்ஃபோசிஸ் மூன்று மடங்கு ஆனபோது விப்ரோ இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. எச்சிஎல் அதைத் தாண்டிப் போய்விட்டது. விப்ரோவின் அறிக்கையை மட்டும் படித்திருந்தால் 47,000 கோடி 89,000 கோடியானது நல்ல வளர்ச்சியாகவே தெரிந்திருக்கும்.

இப்போது புதியவர்கள் தவறவிடும் ஒரு விஷயம். இந்தக் கம்பெனிகள் டாலரில் சம்பாதித்து ரூபாயில் கணக்குக் காட்டுகின்றன. 2015-இல் ஒரு டாலர் 61 ரூபாய் அளவில் இருந்தது, 2025 நிதியாண்டில் 84 ரூபாயைத் தாண்டியிருந்தது. ஆக, டாலர் வருமானம் ஒரு சென்ட்கூடக் கூடாமல் இருந்தாலும் ரூபாய்க் கணக்கில் கிட்டத்தட்ட 40 சதவீதம் வளர்ந்ததாகத் தெரியும். டாலரில் பார்த்தால் இன்ஃபோசிஸ் 870 கோடியிலிருந்து 1,930 கோடிக்கு வந்திருக்கிறது, இரண்டே கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. டிசிஎஸ் சுமார் இரண்டு மடங்கு. விப்ரோவின் ஐடி சேவை ஒன்றரை மடங்கு. காலாண்டு முடிவுகளில் 'கான்ஸ்டன்ட் கரன்சி வளர்ச்சி' என்று ஒரு வரி வரும். நாணய மதிப்பின் ஏற்ற இறக்கத்தை நீக்கிய வளர்ச்சி அது. தலைப்புச் செய்தியில் வரும் ரூபாய் எண்ணைவிட இதுதான் உங்களுக்கு வேண்டியது.

வித்தியாசம் ஏன் வந்தது என்று தேடினால் பல காரணங்கள் கிடைக்கும். ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன், தலைமை. டிசிஎஸ்ஸில் நாமக்கல் மாவட்டம் மோகனூரிலிருந்து வந்த என். சந்திரசேகரன், பிறகு ராஜேஷ் கோபிநாதன், 2023 முதல் கே. கிருத்திவாசன் என மூவரும் அதே கம்பெனிக்குள் நீண்ட காலம் வேலை பார்த்து மேலே வந்தவர்கள். விப்ரோவில் 2016-க்கும் 2024-க்கும் இடையில் மூன்று முறை சிஇஓ மாறினார்கள். இன்ஃபோசிஸிலும் 2017-இல் நிறுவனர்களுக்கும் நிர்வாகத்துக்கும் பெரிய சச்சரவு வந்து, சிஇஓ விஷால் சிக்கா விலகி, நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகனி தலைவராகத் திரும்பி வந்தார். 2018 ஜனவரியில் சலீல் பாரேக் சிஇஓவாகப் பொறுப்பேற்ற பிறகு அங்கே நிலைமை சீரானது. ஒவ்வொரு சிஇஓவும் வந்ததும் அமைப்பை மாற்றுவார், மேல்மட்டத்தில் பலர் கிளம்புவார்கள், வாடிக்கையாளரோடு பத்து ஆண்டு பழகிய ஆளும் சேர்ந்து போய்விடுவார். உங்கள் தாளில் சிஇஓ மாறிய ஆண்டுகளையும் ஒரு பத்தியில் குறித்துவையுங்கள்.

மூன்றாம் படி: ஆளும் லாபமும்

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. பள்ளிக்கூட வகுத்தல் தெரிந்தால் போதும். 2025 மார்ச்சில் டிசிஎஸ்ஸில் சுமார் 6.08 லட்சம் பேர் இருந்தார்கள். இன்ஃபோசிஸில் 3.24 லட்சம், எச்சிஎல்லில் 2.23 லட்சம், விப்ரோவில் 2.33 லட்சம். ஆண்டு வருமானத்தை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவர் ஈட்டும் தொகை டிசிஎஸ்ஸில் 42 லட்சம், இன்ஃபோசிஸில் 50 லட்சம், எச்சிஎல்லில் 52 லட்சம், விப்ரோவில் 38 லட்சம்.

அப்படியானால் எச்சிஎல்தான் சிறந்தது என்று எழுதிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். செயல்பாட்டு லாப விகிதம் (வட்டிக்கும் வரிக்கும் முன் நூறு ரூபாய் வருமானத்தில் மிஞ்சுவது) டிசிஎஸ்ஸுக்கு 24.3 சதவீதம், இன்ஃபோசிஸுக்கு 21.1, எச்சிஎல்லுக்கு 18.3. இந்த மூன்றில் ஒருவருக்குக் குறைவாக ஈட்டும் கம்பெனிதான் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் அதிகம் மிச்சம் பிடிக்கிறது.

காரணம் வேலை எங்கே நடக்கிறது என்பதில் இருக்கிறது. ஒரே வேலையை டெக்ஸாஸில் உட்கார்ந்து செய்பவருக்கு வாடிக்கையாளர் கொடுக்கும் கட்டணம், சென்னையிலிருந்து செய்பவருக்குக் கொடுப்பதைவிட மிக அதிகம். சம்பளமும் அப்படியே. ஆன்சைட் ஆட்கள், அதாவது வாடிக்கையாளரின் நாட்டிலேயே இருந்து வேலை செய்பவர்கள், கூடினால் தலைக்கு வருமானம் ஏறும், லாப விகிதம் இறங்கும். வெளி ஒப்பந்ததாரர்கள் மூலம் செய்யும் வேலையின் வருமானம் கணக்கில் வரும், ஆனால் அந்த ஆட்கள் ஊழியர் எண்ணிக்கையில் வர மாட்டார்கள். எச்சிஎல்லின் மென்பொருள் விற்பனையும் தலைக்கு வருமானத்தைத் தூக்கிக் காட்டும்.

அதனால் நிகர லாபத்தையும் ஆட்களால் வகுத்துப் பாருங்கள். டிசிஎஸ் 8 லட்சம், இன்ஃபோசிஸ் 8.3 லட்சம், எச்சிஎல் 7.8 லட்சம். மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. விப்ரோ மட்டும் 5.6 லட்சம். வருமானமும் லாபமும் எந்த வழியில் வந்தாலும் முதல் மூன்றும் ஓர் ஊழியரிடமிருந்து கிட்டத்தட்ட ஒரே அளவு லாபம் எடுக்கின்றன என்பதை இந்த வகுத்தல் இல்லாமல் பார்க்கவே முடியாது.

விப்ரோ தொடர்பாக இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2025 நிதியாண்டில் அதன் வருமானம் சற்றே குறைந்தது, ஆனால் நிகர லாபம் 19 சதவீதம் அளவுக்கு ஏறி 13,135 கோடியானது. நிர்வாகம் செலவைக் கட்டுப்படுத்தியிருக்கிறது, நல்ல வேலைதான். ஆனாலும் செலவைக் குறைத்து லாபத்தைக் கூட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தொட்ட பிறகு வருமானம் வளர்ந்தே ஆக வேண்டும். லாபம் ஏறியது என்று செய்தி வந்தால் வருமானமும் ஏறியதா என்று உடனே பாருங்கள்.

ஆட்கள் விலகும் விகிதமும் இங்கே வரும். சாதாரண ஆண்டுகளில் நான்குக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. நெருக்கடியில்தான் தெரியும். 2022-இல் எல்லோரும் வேலை மாறிக்கொண்டிருந்தபோது இன்ஃபோசிஸில் இந்த விகிதம் 28.4 சதவீதம் வரை போனது. டிசிஎஸ்ஸில் 21.5 சதவீதத்தில் நின்றது.

ஏஐ வந்த பிறகு இந்தப் படிக்கு இன்னும் முக்கியத்துவம் கூடிவிட்டது. ஆள் கூடினால் வருமானம் கூடும் என்பதுதான் இந்தத் தொழில் இதுவரை வளர்ந்த விதம். இப்போது வாடிக்கையாளர்கள் அதே வேலையைக் குறைந்த ஆட்களோடு, குறைந்த விலைக்குக் கேட்கிறார்கள். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஆட்களில் சுமார் 2 சதவீதம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஆள் எண்ணிக்கை கூடாமலே வருமானத்தைக் கூட்டும் கம்பெனி எது என்பதை இனிமேல் ஒவ்வோர் ஆண்டும் இந்த வகுத்தலில் பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஏஐ பற்றி ஆண்டறிக்கையில் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறார்கள் என்பதை நான் பொருட்படுத்துவதே இல்லை.

நான்காம் படி: ஆர்டர் எண்களை நம்புவதற்கு முன்

ஒவ்வொரு காலாண்டும் "இத்தனை நூறு கோடி டாலர் ஒப்பந்தம்" என்று செய்தி வரும். 2025 நிதியாண்டில் டிசிஎஸ் சொன்னது 3,940 கோடி டாலர், இன்ஃபோசிஸ் சொன்னது 1,160 கோடி டாலர். பார்த்தால் டிசிஎஸ் மூன்று மடங்குக்கு மேல் முன்னால் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் டிசிஎஸ் எல்லா ஒப்பந்தங்களையும் சேர்த்துச் சொல்கிறது. இன்ஃபோசிஸ் 5 கோடி டாலருக்கு மேற்பட்ட பெரிய ஒப்பந்தங்களை மட்டும் சொல்லி, அதில் எவ்வளவு புதியது, எவ்வளவு பழையதன் நீட்டிப்பு என்று பிரித்தும் காட்டுகிறது. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கே தப்பு. ஒரே கம்பெனியின் போன ஆண்டு எண்ணோடு ஒப்பிடலாம், அது போதும்.

பெரிய ஒப்பந்தம் ஒன்று வந்தால் அது திரும்பத் திரும்ப வருமானம் தருமா, ஒருமுறையோடு முடியுமா என்றும் கேளுங்கள். பிஎஸ்என்எல் நிறுவனத்தின் 4ஜி வலையமைப்பை அமைக்கும் 15,000 கோடி ரூபாய்க்கு மேலான வேலை 2023-இல் டிசிஎஸ் தலைமையிலான கூட்டணிக்குக் கிடைத்தது. அடுத்த இரண்டு ஆண்டுகள் டிசிஎஸ்ஸின் இந்திய வருமானம் துள்ளிக் குதித்தது. கருவிகளை வாங்கிப் பொருத்தும் வேலை என்பதால் லாப விகிதம் குறைவு. வேலை முடியும் கட்டத்துக்கு வந்ததும் 2025 ஜூன் காலாண்டில் கான்ஸ்டன்ட் கரன்சியில் மொத்த வருமானமே 3 சதவீதம் குறைந்தது. புவியியல் வாரியான வருமானப் பட்டியலில் 'இந்தியா' வரியைப் பார்த்துக்கொண்டு வந்தவர்களுக்கு இது எதிர்பார்த்ததுதான்.

ஐந்தாம் படி: பணம் உண்மையா, யார் கையில்

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸின் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். புத்தகத்தில் காட்டிய 5,361 கோடி ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றார். முந்தைய செப்டம்பர் காலாண்டில் காட்டிய 24 சதவீத லாப விகிதம் உண்மையில் 3 சதவீதம்தான் என்றும் ஒப்புக்கொண்டார். அப்போது அது நாட்டின் நான்காவது பெரிய ஐடி கம்பெனி, உலகப் பெயர் பெற்ற தணிக்கை நிறுவனம் கையெழுத்துப் போட்ட கணக்கு.

ரொக்கத்துக்கு வட்டி சரியாக வருகிறதா என்று பார்த்தால் மோசடி தெரிந்துவிடும் என்று சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் சத்யத்தில் வட்டியையும் சேர்த்தே பொய்யாக எழுதியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிந்த அடையாளங்கள் வேறு. புரொமோட்டர்களின் (கம்பெனியைத் தொடங்கிக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்களின்) பங்கு ஆண்டுக்கு ஆண்டு குறைந்து 10 சதவீதத்துக்கும் கீழே வந்திருந்தது, அதுவும் அடகில் இருந்தது. 2008 டிசம்பரில், கம்பெனிக் காசை எடுத்து ராஜுவின் குடும்பத்தாருக்குச் சொந்தமான மேடாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்து, முதலீட்டாளர்கள் கொதித்ததும் சில மணி நேரத்திலேயே பின்வாங்கினார்கள். கைநிறையப் பணம் இருப்பதாகச் சொல்லும் கம்பெனி ஏன் சம்பந்தமில்லாத கட்டுமானத் தொழிலை, அதுவும் சொந்தக்காரர்களிடமிருந்து வாங்க வேண்டும்?

எனவே ஒவ்வொரு கம்பெனிக்கும் மூன்று இடங்களைப் பாருங்கள். பணப்புழக்க அறிக்கையில், செயல்பாடுகளிலிருந்து வந்த பணம் பல ஆண்டுகளின் கூட்டலில் நிகர லாபத்துக்கு நெருக்கமாக வருகிறதா? லாபம் ஏறி, வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டிய பாக்கி அதைவிட வேகமாக ஏறினால் கவனமாக இருங்கள். அடுத்து, பங்குச் சந்தை இணையதளத்தில் காலாண்டுக்கு ஒருமுறை வரும் பங்குதாரர் பட்டியலில் புரொமோட்டர் பங்கு அடகில் இருக்கிறதா? பிறகு, ஆண்டறிக்கையின் பின்பகுதியில் வரும் தொடர்புடைய தரப்புகளுடனான பரிவர்த்தனைகள். அலுப்பூட்டும் பக்கங்கள்தான், ஆனால் நான் ஆண்டறிக்கையை அங்கிருந்துதான் படிக்கத் தொடங்குவேன்.

பணம் உண்மை என்று தெரிந்தால், அதை என்ன செய்கிறார்கள் என்பது அடுத்தது. தடையில்லாப் பணவரவில், அதாவது தொழிலுக்கான செலவும் முதலீடும் போக மிஞ்சும் பணத்தில், 80 முதல் 100 சதவீதத்தைப் பங்குதாரர்களுக்குத் தருவது டிசிஎஸ்ஸின் கொள்கை. இன்ஃபோசிஸ் ஐந்தாண்டுக் கணக்கில் 85 சதவீதம் என்கிறது. விப்ரோ 2021-இல் கேப்கோ என்ற ஆலோசனை நிறுவனத்தை 145 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கிய நிறுவனம் எதைக் கொண்டுவந்தது என்பதை மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து வருமான வளர்ச்சியில் தேடிப் பாருங்கள்.

தயாரிப்புக் கம்பெனி என்றால் கூடுதலாக இரண்டு

ஒன்று, மென்பொருளை உருவாக்கும் ஊழியர்களின் சம்பளத்தில் ஒரு பகுதியைச் செலவாகக் காட்டாமல் சொத்தாகக் காட்ட விதிகள் அனுமதிக்கின்றன. அதனால் இந்த ஆண்டு லாபம் கூடுதலாகத் தெரியும். போட்டியாளர் எவ்வளவு சொத்தாகக் காட்டுகிறார் என்று பார்த்தபின் லாபத்தை ஒப்பிடுங்கள்.

இரண்டு, ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு கொடுக்கும் பங்குகள். அமெரிக்காவில் பட்டியலான கம்பெனிகள் இதை நீக்கிவிட்டு ஒரு லாபமும், சேர்த்து ஒரு லாபமும் காட்டும். ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2024-இல் முதல் கணக்கில் லாபம், இரண்டாவது கணக்கில் நஷ்டம். பங்கு கொடுப்பதும் செலவுதான். உங்கள் பங்கின் மதிப்பு அதனால் கரைகிறது.

கடைசிப் படி: விலை

உதாரணத்துக்கு விப்ரோ பங்கு 250 ரூபாய், டிசிஎஸ் பங்கு 3,000 ரூபாய் என்றால், விப்ரோதான் மலிவு என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். டிசிஎஸ்ஸில் சுமார் 362 கோடிப் பங்குகள், விப்ரோவில் ஆயிரம் கோடிக்கு மேல். 2025-இல் ஒரு பங்குக்கு டிசிஎஸ் ஈட்டியது சுமார் 134 ரூபாய், விப்ரோ 12.5 ரூபாய். பங்கு விலையை இந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் பி/ஈ. 3,000-ஐ 134-ஆல் வகுத்தால் 22, 250-ஐ 12.5-ஆல் வகுத்தால் 20. அவ்வளவுதான் வித்தியாசம். மெதுவாக வளரும் கம்பெனிக்குக் கிட்டத்தட்ட அதே விலை கேட்கிறார்கள் என்றால் ஏன் கொடுக்க வேண்டும் என்பதே உங்கள் கேள்வி.

நல்ல கம்பெனியை எந்த விலைக்கும் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் மைக்ரோசாஃப்ட்டைக் காட்டுங்கள். 1999 டிசம்பர் உச்சத்தில் அதை வாங்கியவர் வாங்கிய விலையை மறுபடி பார்க்க 2016 வரை காத்திருந்தார். இடைப்பட்ட காலத்தில் கம்பெனியின் ஆண்டு வருமானம் சுமார் 2,000 கோடி டாலரிலிருந்து நான்கு மடங்குக்கு மேல் வளர்ந்தது. கம்பெனி தவறவில்லை, கொடுத்த விலைதான் அதிகம். ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் 36 டாலருக்குப் பங்கு வெளியிட்டது. 2024 வரை வருமானம் கிட்டத்தட்ட இரட்டிப்பானது, விலையோ அந்த ஆண்டு முடிவில் வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே இருந்தது.

பி/ஈயை அந்தக் கம்பெனியின் சொந்தப் பத்தாண்டு சராசரியோடும், போட்டியாளரோடும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் மலிவாகத் தெரிந்தால் சந்தை எதற்குப் பயப்படுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அந்தப் பயத்தை நீங்கள் ஏற்கவில்லை என்றால் மட்டும் வாங்குங்கள், அதுவும் ஒரே தடவையில் வேண்டாம்.

வாங்கிய பிறகு

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் முடிவுகள் வரும். பெரிய கம்பெனிகளில் பெரும்பாலும் டிசிஎஸ் முதலில் வெளியிடும். உங்களிடம் எந்தப் பங்கு இருந்தாலும் நான்கின் முடிவுகளையும் அந்தத் தாளில் ஏற்றுங்கள். எல்லோரும் ஒன்றாகச் சறுக்கினால் அமெரிக்கப் பொருளாதாரமோ விசா விதியோ காரணமாக இருக்கும். பொறுத்திருக்கலாம். மற்றவர்கள் வளரும்போது உங்கள் கம்பெனி மட்டும் தொடர்ந்து ஆறு, எட்டுக் காலாண்டுகள் பின்தங்கினால் விற்பது பற்றி யோசிக்க வேண்டியதுதான். வாங்கிய விலை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஐடியில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பெஞ்ச் (பிராஜெக்ட் இல்லாமல் காத்திருப்போர்) நிரம்புவதும் சம்பள உயர்வு தள்ளிப்போவதும் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும், ஆனால் அது உங்கள் பிராஜெக்ட்டின் நிலவரம் மட்டும்தான். பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய, இன்னும் வெளியிடப்படாத கம்பெனித் தகவல்கள் தெரிந்திருக்கும்போது அதன் பங்கை வாங்குவதும் விற்பதும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி குற்றம், கம்பெனியின் விதிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் தவணை, சம்பளம், சேமிப்பு மூன்றும் ஒரே கம்பெனியை நம்பி இருந்தால் ஒரு மோசமான ஆண்டில் மூன்றும் சேர்ந்து அடிவாங்கும். ஊழியர் திட்டத்தில் கிடைத்த பங்குகளை விற்க அனுமதி வந்ததும் ஒரு பகுதியையாவது விற்று, இந்தத் துறைக்கே சம்பந்தமில்லாத ஏதாவது ஒன்றில் போடுங்கள்.